தலைவரின் படம் நகராது

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு நூறு வயது ஆகிறது என்பதைக் கண்டுபிடித்தவன் நெவில் ட்ரெவின். தலைவன் என்கிற முறையில் அந்த நூறு வயதையும் தன்னுடைய சாதனையாகவே எடுத்துக்கொண்டான். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, கால்சட்டையை வயிற்றுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, "புத்தகம் போடுறோம். படம் நிறைய இருக்கணும்" என்று அறிவித்தான். யாருடைய படம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் வாரப்பில் என்கிற எங்கள் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருட இறுதி ஆட்டத்தில், பக்கத்து ஊர் குரூம்பாவின் அணிக்கு எதிராக, நெவில் ஒரு கோல் உதைத்தான். அதற்குப் பிறகு எங்கள் ஆண்கள் ஒரு கோப்பையையும் வெல்லவில்லை. அதனால் அந்தக் கோல் இன்றுவரை ஓய்வு பெறாமல் இருக்கிறது. மதுக்கடையில், கோதுமைக் கிடங்கு வாசலில், ஒருமுறை ஒரு இறுதிச் சடங்கு முடிந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்த இடத்திலும், அதை அவன் திரும்ப உதைத்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். இறந்தவருடைய மனைவி தட்டை ஒதுக்கி வழி விட்டாள்.

எங்கள் கழகத்தின் முழுப் பெயர் வாரப்பில் கால்பந்து மற்றும் வலைப்பந்துக் கழகம். அந்த 'மற்றும்' என்பதற்குப் பின்னால் நிற்கிறவர்கள் நாங்கள். சனிக்கிழமைகளில் ஆண்கள் புல்தரையில் ஓடுவார்கள். பெண்கள் பக்கத்தில் வெடிப்பு விட்ட தார்த் தளத்தில் ஆடி முடித்து, வியர்வை காய்வதற்குள் கேன்டீனுக்குள் போய், இறைச்சி அடைத்த மீட் பை சூடாக்குவார்கள். ஆண்களுடைய சட்டைகளைத் துவைப்பதும் எங்களில் ஒருத்திதான். கோப்பை வாங்குவதும் நாங்கள்தான் என்பதைச் சொன்னால் தலைவருக்குத் திடீரென்று காது மந்தமாகிவிடும்.

நான் ஹெதர். ஊர் தபால் நிலையம் என் பொறுப்பில் இருக்கிறது. முழங்கால் போகிற வரைக்கும் வலைப்பந்தில் தடுப்பாட்டம் ஆடினேன், என் முழங்கையைப் பற்றிக் குரூம்பாவில் இன்னமும் பேச்சு உண்டு. புத்தகக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். கூட்டக் குறிப்பு எழுத யாராவது வேண்டுமே! மற்ற மூவர் ஆண்கள். நெவிலைச் சொல்லிவிட்டேன். கீத் கோதுமை விவசாயி, கழகத்தின் பொருளாளர். கூட்டம் தொடங்கினால் தூங்குவான், ஓட்டெடுப்பு என்றால் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்குவான். மூன்றாவது ஆள் டேரில். வட்டார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல்லாரட் நகரத்துக்குப் போய் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து, பக்கம் வடிவமைக்கிற மென்பொருளைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். அந்த இரண்டு நாளைப் பற்றி அவன் பேசுகிற பேச்சைக் கேட்டால் ஏதோ போர்முனைக்குப் போய்த் திரும்பியவன் என்று நினைப்பீர்கள்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம் வலைப்பந்து. அதை எழுதியவள் மாரீன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், எங்கள் பெண்களுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தவள், வாய் கொஞ்சம் கடுமை. அத்தியாயம் முழுக்க ஆட்டம், மழை, சண்டை, நடுவர்களைப் பற்றிய வசவு என்று ஓடும். கடைசிப் பத்தி மட்டும் நரெலைப் பற்றியது. நரெல் மாரீனுடைய மகள். பத்தொன்பது வயதில், ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, கேன்டீனைக் கழுவி விட்டு வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது, ரயில் பாதையைத் தாண்டி நின்றிருந்த தானிய லாரியின் பின்னால் மோதி இறந்துபோனாள்.

அதே சாலையில் அதற்கு முன்னால் ஒரு கால்பந்து ஆட்டக்காரன் இறந்திருக்கிறான். மைதானத்து வாசலுக்கு அவன் பெயர் வைத்திருக்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை தொப்பியைக் கழற்றி நிற்கிறோம். வைக்க வேண்டியதுதான், நல்ல பையன். நரெல் இறந்த அடுத்த சனிக்கிழமை எங்கள் பெண்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டி ஆடினார்கள். ஆண்கள் கட்டவில்லை. கறுப்புப் பட்டி ஆட்டக்காரர்களுக்குத்தான் என்று அப்போதைய தலைவர் விளக்கம் சொன்னார். அவள் அந்த வருடம் எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரி.

மாரீன் அதற்குப் பிறகு கழகத்திடம் எதையும் கேட்டதில்லை. இந்தப் புத்தகத்துக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள். தபால் நிலையத்துக்கு வந்து, தபால் தலை வாங்குகிறவள் மாதிரி நின்றுகொண்டு, ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தாள். அரை நேர இடைவேளையில் எடுத்த படம். நரெல் ஆரஞ்சுத் துண்டைக் கடித்து, தோலைப் பல்லுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, வாய் முழுக்க ஆரஞ்சாகச் சிரிக்கிறாள்.

"இது போதும் எனக்கு. பேரும் மூஞ்சியும் ஒரே எடத்துல இருக்கணும், ஹெதர். பேரு ஒரு பக்கம் மூஞ்சி ஒரு பக்கம்னு பிரிச்சுடாதீங்க" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன்.

டேரில் வேலையைத் தொடங்கினான். கழக அறையில் ஆட்ட மறுஒளிபரப்பு பார்க்கிற பெரிய டிவியில் தன் மடிக்கணினியை இணைத்து எங்களுக்குப் பாடம் நடத்தினான். எழுத்து முழுவதும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஓட்டமாக ஓடுமாம். நடுவில் படம் வைத்தால் எழுத்து அதைச் சுற்றிக்கொண்டு போகுமாம். படத்தை இரண்டு விதமாக வைக்கலாமாம். ஒன்று, பக்கத்தோடு சேர்த்து ஆணி அடித்தது போல வைப்பது. எழுத்து எப்படிப் போனாலும் படம் அசையாது. இன்னொன்று, ஒரு வரியோடு கட்டி விடுவது. வரி எங்கே போகிறதோ படமும் கூடவே போகும்.

"வகுப்புல கட்டித்தான் வைக்கணும்னு சொன்னாங்க. அதான் மொறை" என்றான் டேரில்.

நெவிலுக்கு முகம் சுருங்கியது. "அப்போ எழுத்து போற எடத்துக்கெல்லாம் நான் பின்னாடியே ஓடணுமா?"

"நீ இல்ல நெவில். உன் படம்."

"எல்லாம் ஒண்ணுதான். என் படம் வலது கைப் பக்கத்துல, மேல இருக்கணும். அங்கயே இருக்கணும். எழுத்து வேணும்னா சுத்திப் போகட்டும்."

தலைவர் படம் நகராது என்று முடிவானது. அப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? முன்னாள் தலைவர்கள், முன்னாள் செயலாளர்கள், கொடிக்கம்பம் நன்கொடை கொடுத்தவருடைய பேரன், எல்லோரும் டேரில் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் படமும் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டேரில் அத்தனை பேரையும் பக்கத்தில் அறைந்து வைத்தான். வரியோடு கட்டி வைத்தது ஒரே ஒரு படத்தை. மாரீன் சொன்னதை நான் சொன்னேன், பேரும் முகமும் பிரியக்கூடாது என்று. அவன் நரெலின் படத்தை அவள் பெயர் வருகிற வரியோடு கட்டினான். அந்தப் புத்தகத்திலேயே முறைப்படி வைக்கப்பட்ட படம் அது ஒன்றுதான்.

முதல் கூத்து முன்னுரையில் வந்தது. நெவில் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்று சொல்லி நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். அதை முன்னால் சேர்த்ததும் எழுத்து மொத்தமும் பின்னால் தள்ளிப் போயிற்று. படங்கள் ஆணி அடித்த இடத்திலேயே நின்றன. டேரில் அச்சிட்டுக் கொடுத்த மாதிரிப் பிரதியைத் திறந்தால், 'மாவட்டத்திலேயே மிகச் சிறந்த உடற்கட்டுக் கொண்டவர்' என்ற வரிக்குப் பக்கத்தில் புதிய கழிப்பறைத் திறப்பு விழா. 'எதிரணியினர் இவரைக் கண்டாலே நடுங்கினர்' என்ற இடத்தில் கீத்தின் தாத்தா வளர்த்த செம்மறியாடு, கழுத்தில் பரிசு நாடாவோடு. நெவிலுடைய கோலை விவரிக்கிற நீண்ட பத்திக்குப் பக்கத்தில் கேன்டீனுடைய பழைய தேநீர்க் கொதிகலன்.

நான் சிரித்த சிரிப்பில் கீத் விழித்துக்கொண்டான்.

"என்ன, ஓட்டா?" என்றான்.

"இல்லடா, தூங்கு. தலைவர் கொதிகலனா மாறிட்டாரு."

"இதுல சிரிக்க என்ன இருக்கு ஹெதர்?" என்றான் நெவில்.

"ஒண்ணுமில்ல தலைவரே. அதுவும் அம்பது வருஷமா கொதிச்சுக்கிட்டேதான் இருக்கு. ஆனா அதுகிட்டேருந்து டீயாவது வருது."

டேரில் வியர்த்துப்போய், படங்களை வரியோடு கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே வராது என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவன் ஒவ்வொரு படத்தையும் பிடுங்கி, சரியான வரி எங்கே போயிருக்கிறது என்று தேடி, மறுபடி அறைந்தான். அது முடிந்த கையோடு அடுத்த வியாதி தொடங்கியது. இவன் படம் அவன் படத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருக்கிறது. அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தே பேசினார்கள். ஒருவனுடையதைப் பெரிதாக்கினால் மற்றவனுடையதையும் பெரிதாக்க வேண்டும். படம் பெரிதாகப் பெரிதாக எழுத்து ஒதுங்கி ஒதுங்கிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பல்லாரட் அச்சகத்தில் பக்க எண்ணிக்கையை முன்பே சொல்லி, காகிதமும் வாங்கியாகிவிட்டது. ஒரு பக்கம் கூடக் கூட்ட முடியாது.

புத்தகத்தை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழக அறையில் கூடினோம். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். முந்தைய நாள் சிந்திய பீரில் கம்பளம் ஊறி நாறிக்கொண்டிருந்தது. நெவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அவன் மனைவி ஆட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது கண்டெடுத்ததாம். உள்ளே எழுபத்தெட்டாம் வருடப் படம். அதே கோல், வேறு கோணத்தில்.

"இது முழுப் பக்கம்" என்றான் நெவில்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்றேன்.

"அதுல என் முதுகு தெரியுது. இதுல மூஞ்சி தெரியுது. வரலாறுன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும் இல்ல?"

டேரில் படத்தை உள்ளே ஏற்றி, முழுப் பக்கத்துக்கு விரித்து, ஆணி அடித்தான். டிவியில் எழுத்து ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. நான் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினான். வலைப்பந்து அத்தியாயம், 'மழையிலும் விடாமல் ஆடிய நம் பெண்கள்' என்ற இடத்தில் அந்தரத்தில் நின்றது. அதற்கு மேல் காகிதம் இல்லை. மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி.

"மீதி எங்கே?" என்று கேட்டேன்.

"இருக்கு, இருக்கு. எங்கயும் போகல" என்றான் டேரில். "இந்தச் செவப்புக் குறி இருக்கு பாரு, அப்படின்னா எடம் பத்தாம மிச்சம் உள்ள நிக்குதுன்னு அர்த்தம். ஒரு எழுத்துகூட அழியல. வெளிய தெரியாது, அவ்வளவுதான்."

"அச்சுல?"

"அச்சுல... அச்சுல வராது."

"நரெல்?"

டேரில் மவுஸைத் தடவிக்கொண்டே இருந்தான். அவளை வரியோடு கட்டியிருந்தான் அல்லவா? வரி உள்ளே போனதும் அவளும் போய்விட்டாள். முறையில்லாமல் அறைந்து வைத்த அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு அவரவர் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுபத்தெட்டாம் வருட முழுப் பக்கத்தைப் பாதியாக்கினால் போதும், எல்லாம் திரும்பி வரும் என்று நான் கத்தினேன்.

"கத்தாத ஹெதர். யாரும் யாரையும் ஒதுக்கல" என்றான் நெவில். அவன் குரலில் பாதிரியார் புகுந்துகொண்டார். "வலைப்பந்துக்குத் தனியா ஒரு தாள் அடிச்சு, மடிச்சு, உள்ள சொருகிடலாம். நம்ம பிரின்டர்லயே அடிக்கலாம். சொல்லப்போனா அதுதான் தனி மரியாதை."

"அந்தத் தாளு புத்தகத்தத் தொறந்ததும் கீழ விழும். விழுந்தா எடுத்து யாரு குப்பைல போடுவா? நாங்கதானே பெருக்குறோம்?"

"ஓட்டெடுப்புக்கு விடலாமே" என்றான் தலைவன். கீத்தின் கண் திறப்பதற்கு முன்னாலேயே அவன் கை எழுந்தது. நெவிலின் கை எழுந்தது. டேரில் சுவரில் இருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே பாதிக் கையைத் தூக்கினான். நான் கூட்டக் குறிப்பு நோட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் மாரீனுக்கு போன் செய்தேன். என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

கார் பழுதாம், பள்ளிப் பேருந்தையே ஓட்டிக்கொண்டு வந்தாள். அவ்வளவு பெரிய மஞ்சள் வண்டி கழக அறையின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, உள்ளே வெளிச்சம் குறைந்தது. நெவில் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டான். மாரீன் உட்காரவில்லை.

"எம் பொண்ணு எங்க, டேரில்?"

"உள்ளதான் இருக்கா, மாரீன். பத்திரமா இருக்கா."

"காட்டு."

"இப்போ காட்ட முடியாது. எடம் இருந்தாத்தான் வெளிய வருவா."

"எடத்துல யாரு இருக்கா?"

டேரில் அந்த முழுப் படம் இருக்கிற பக்கத்துக்குப் புரட்டினான். டிவி முழுக்க நெவில் இருபத்திரண்டு வயதில், வயிறு இல்லாமல், ஒரு காலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் தள்ளு" என்றாள் மாரீன். டேரிலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவன் நாற்காலியை நகர்த்தினான். "நீ இல்ல. அவன."

"மாரீன், இங்க பாரு, ஓட்டெடுத்து முடிவு பண்ணியாச்சு..." என்று நெவில் தொடங்கினான்.

"முடிவ யாரு மாத்தச் சொன்னா? எம் பொண்ணப் பாக்கணும்னேன். பாக்கக்கூடவா ஓட்டு?"

டேரில் படத்தின் ஆணியை எடுத்தான். ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தான். நெவில் சுருங்கினான். டேரில் பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்குப் போனான். 'மழையிலும் விடாமல் ஆடிய நம் பெண்கள்' இப்போது மேலே ஏறியிருந்தது, அதற்குக் கீழே பெண்கள் ஆடி முடித்து, வென்று, நடுவரைத் திட்டிவிட்டு அடுத்த வருடத்துக்குப் போயிருந்தார்கள். ஆனால் சிவப்புக் குறி அப்படியே இருந்தது.

"இன்னும் வரல" என்றாள் மாரீன்.

டேரில் திரும்பிப் போய் இன்னும் இழுத்தான். நெவில் பாதியானான், காலானான். ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்துக்கு வந்து பார்த்தோம். கீத் முழுதாக விழித்துக்கொண்டு, நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தான். கடைசியில் நெவில் தபால் தலை அளவுக்கு வந்தபோது, நான் அந்த அளவை நன்றாக அறிந்தவள், கடைசிப் பக்கத்தில் வரிகள் மேலே ஏறி, 'நரெல்' என்ற பெயர் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஆரஞ்சுச் சிரிப்பும் வந்தது. சிவப்புக் குறி போய்விட்டது.

அந்தப் பெரிய டிவியில், இறுதி ஆட்டங்களும் குதிரைப் பந்தயமும் மட்டுமே பார்த்துப் பழகிய அந்தச் சுவரில், அவள் முகம் அவ்வளவு பெரிதாக வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூக்கில் புழுதி. காதோரம் ஒரு முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மாரீன் அழவில்லை. பேருந்தில் பிள்ளைகளை எண்ணும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"சரி. இப்படியே அனுப்பு" என்றாள்.

"ஐயோ மாரீன், காட்டத்தானே சொன்ன" என்றான் நெவில். "என் படத்தப் பாரு. என்ன உதைக்கிறேன்னே தெரியலையே! பந்து ஒரு புள்ளியா இருக்கு."

"எல்லாருக்கும்தான் தெரியுமே நெவில். நீ சாவு வீட்டுலகூட உதைச்சுக் காட்டினவனாச்சே."

"தாளு சொருகலாம்னு நான் மரியாதையாத்தான் சொன்னேன்."

"டேரில், அனுப்புடா" என்றான் கீத்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். கூட்டத்தில் அவன் தானாக ஒரு வாக்கியம் பேசி நான் குறிப்பு எழுதியதே இல்லை.

"நீ ஓட்டுப் போட்டியேடா!" என்றான் நெவில்.

"போட்டேன். எதுக்குப் போட்டேன்னு இப்பதான் பாத்தேன்." கீத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த லாரி எங்க அப்பாவோடது, நெவில். நின்ன லாரி. பின் விளக்கு எரியலன்னு அவருக்குத் தெரியும்."

மாரீனுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும், இந்த ஊரில் யாருக்குத்தான் எது தெரியாது. ஆனால் இத்தனை வருடத்தில் அதை ஒருவன் அவள் முன்னால் வாயைத் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் கீத்தைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தாள். மன்னித்தாளா, கேட்டுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். டேரில் பொத்தானை அழுத்தினான்.

நெவில் பிஸ்கட் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனான். இரண்டு வாரம் தபால் நிலையத்துக்கு வரவில்லை. அவனுடைய கடிதங்களை மனைவி வந்து வாங்கிப் போனாள். நன்றாகத் தூங்குகிறாரா என்று கேட்டேன். அளவுகோலை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன் என்றாள்.

உள்ளூர் ஆட்டம் நடந்த ஒரு சனிக்கிழமை, புத்தகம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கழக அறையில் நீள மேசை போட்டு அடுக்கினோம். பக்கத்திலேயே மீட் பை, தக்காளி சாஸ், வெனிலா ஸ்லைஸ் என்கிற இனிப்பு. கூட்டம் அள்ளியது. எங்கள் ஊர்க்காரன் புத்தகம் படிக்கிற விதம் ஒன்று உண்டு. முதலில் தன் படத்தைத் தேடுவான், அப்புறம் தன் அப்பா படத்தை, அப்புறம் தனக்கு ஆகாதவனுடைய படம் தன்னுடையதைவிடப் பெரிதா என்று பார்ப்பான். இதெல்லாம் முடிந்தால் புத்தகம் படித்தாயிற்று என்று அர்த்தம்.

அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் புத்தகத்தைச் சும்மா புரட்டுகிற கை கடைசிப் பக்கத்துக்குத்தானே போய் நிற்கும்? அங்கே போனவர்கள் அங்கேயே நின்றார்கள். நரெலோடு ஆடியவர்கள் இப்போது கண்ணாடி போட்ட பெண்கள். ஒருத்தி தின்றுகொண்டிருந்த மீட் பையைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். குரூம்பாக்காரன் ஒருவன், எங்களைக் கண்டால் முகம் திருப்புகிறவன், தொப்பியைக் கழற்றினான். சத்தமாக இருந்த அறையில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து கொண்டே வந்தது.

மாரீனும் நானும் கேன்டீன் ஜன்னலுக்கு உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெவில் வந்தான். ஒரு கையில் தட்டில் மீட் பை, மறு கையில் புத்தகம், விரலை எந்தப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் கோபமாக இல்லை. அதைவிட மோசம், யோசித்துக்கொண்டிருந்தான். அறை முழுக்க ஒரே பக்கத்தைத் திறந்து வைத்து நிற்கிற ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. தட்டு கழுவுவதை நிறுத்தினேன். மாரீனும் திரும்பினாள்.

"வலது கைப் பக்கம், மேலன்னு புடிவாதம் புடிச்சேன் பாரு" என்றான் நெவில், புத்தகத்தை ஆட்டிக்கொண்டே. "கடைசிப் பக்கம்தான் சரியான எடம். எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. அடுத்த பதிப்புல என்னை அங்க போடச் சொல்லணும்."

மாரீன் கையைத் துண்டில் துடைத்தாள். அவன் தட்டில் தக்காளி சாஸ் தீர்ந்திருந்தது, கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள்.

"அதுக்கு நீ பத்தொம்பது வயசுல செத்திருக்கணும், நெவில்" என்றாள்.